கெட்ட கனவைச் சொல்ல ஒரு காது

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளைப் பொழிவுக்கு அழைத்தவர்கள் தலைப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். மனநல மருத்துவர்தானே, மனக்கவலையை விரட்டும் வழி என்று ஏதாவது பேசிவிட்டுப் போவார் என்று நினைத்திருக்கலாம். கெட்ட கனவைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் தொலைபேசியில் மறுமுனை கொஞ்சம் அமைதியாகிவிட்டது. அந்தி சாய்ந்த பிறகு பேசுகிற பேச்சா இது என்ற தயக்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

பாம்பு கனவில் வந்தால், வீட்டுக்குள் பாம்பைக் கண்டு அரண்டால், நம் பக்கத்து ஜனங்கள் எங்கே வருகிறார்கள்? சங்கரநாராயணர் கோவிலுக்குத்தான். வெள்ளித்தகட்டில் செய்த பாம்பையோ தேளையோ காணிக்கை போட்டுவிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, கொஞ்சம் முடிந்துகொண்டு போகிறார்கள். கோமதி அம்மன் சன்னதி முன்னால் இருக்கிற சக்கரக்குழி உங்களுக்குத் தெரியும். மனம் பேதலித்தவர்களையும் பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவர்களையும் அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. தூக்கம் கெட்டவர்களும் பயந்தவர்களும் தேடி வருகிற இடமாக ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது என்பது எனக்கு முக்கியமான செய்தி. அப்படி வருகிறவர்களில் ஒரு சிலரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு: பெரிய துன்பம் ஒன்றைக் கண்ணால் கண்டு, அதிலிருந்து உயிர் தப்பி வந்து, பிறகு இராத்திரிதோறும் அதையே காண்கிறவர்கள்.

நம் இலக்கியத்தில் கெட்ட கனவுக்குப் பஞ்சம் இல்லை. சிலப்பதிகாரத்தில் மட்டும் மூன்று பேர் காண்கிறார்கள். கண்ணகி கண்டு தேவந்தியிடம் சொல்கிறாள். கோவலன் கண்டு மாடலனிடம் சொல்கிறான். கோப்பெருந்தேவி கண்டு பாண்டியனிடம் சொல்லப் போகிறாள். சொல்லி முடிக்குமுன் வாயிலில் சிலம்போடு வந்து நிற்கிறாள் கண்ணகி. இராமாயணத்துக்குப் போனால் திரிசடையின் கனவு. இவை எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாக் கனவும் வரப்போவதைச் சொல்கிறது. கேடு பின்னால் வரும், கனவு முன்னால் வரும். எந்தச் சாமத்தில் கண்ட கனவு எத்தனை காலத்தில் பலிக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லவே கனாநூல் என்று ஒன்று நம்மிடம் இருந்தது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதை இன்றும் எம்.எஸ்சி. படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்கிறேன். விடியற்காலைக் கனவு மட்டும் ஏன் அவ்வளவு துலக்கமாக நினைவிருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக ஓடும் தூக்கக் கட்டத்தில்தான் கதைபோல விரியும் கனவுகள் பெரும்பாலும் வருகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் இதை எழுதினார்கள். இரவு ஏற ஏற அந்தக் கட்டம் நீளும். விடியும் நேரத்தில்தான் மிக நீளமாக இருக்கும். அதிலிருந்து நேராக எழுந்திருக்கிறோம், நினைவில் நிற்கிறது. நம் முன்னோர் கவனித்ததில் பிழை இல்லை. பலிக்கும் என்றதில்தான் எனக்கு வழக்கு.

பேரிடருக்குப் பின் வரும் கனவு இதற்கு நேர்மாறு. கேடு முன்னால் வந்து போய்விட்டது. கனவு அதன் பின்னால் வருகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். அதற்கு 5 மாதம் முன்புதான், ஜூலை 16 அன்று, கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்திருந்தார்கள். ஒரே ஆண்டில் தீயும் நீரும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிலையத்திலிருந்து கடற்கரைக் கிராமங்களுக்குக் குழுக்கள் வந்தன. உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. முகாம்களில் தங்கியிருந்தவர்கள் சொன்ன கனவுகளில் புதிர் எதுவும் இல்லை, விளக்கம் சொல்ல ஆளும் தேவையில்லை. அலை வருகிறது, ஓடுகிறார்கள், பிடித்திருந்த பிள்ளையின் கை நழுவுகிறது. அவ்வளவுதான். நடந்தது நடந்தபடியே, சில நேரம் சத்தமும் வாடையும்கூட மாறாமல், மறுபடி மறுபடி. தமிழ்நாட்டின் மீனவக் கிராமம் ஒன்றில் பெரியவர்களிடம் எடுத்து 2007இல் வெளியான கணக்கில், 100க்கு ஏறத்தாழ 13 பேருக்கு மருத்துவம் மனவடு நோய் என்று பெயரிடும் நிலை இருந்தது. மீதி 87 பேருக்கு அந்த நிலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கெட்ட கனவு வந்தவர் எல்லாம் நோயாளி இல்லை. முதல் சில வாரங்களுக்கு அது யாருக்கும் வரும். ஒரு மாதம் கடந்தும் விடாமல் வந்து, பகலில் வேலை செய்யவிடாமல் அடித்தால்தான் கவலை.

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரரை அறிமுகப்படுத்த வேண்டும். பாதி நம் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1901-02இல் நீலகிரி வந்து தோடர்களிடையே இருந்து, அவர்களின் உறவுமுறையையும் எருமைப் பால்மாடச் சடங்குகளையும் எழுதினவர். அந்தப் பெரிய நூல் 1906இல் வந்தது. மானிடவியல் படிக்கிறவர்களுக்கு அந்த ரிவர்ஸைத் தெரியும். அதே மனிதர் முதல் உலகப் போரின்போது, எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் இராணுவ மருத்துவமனையில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். கவிஞர் சீக்ஃபிரைட் சசூன் அவரிடம் இருந்தவர்களில் ஒருவர். குண்டு வெடிப்பில் மூளை குலுங்கியதால் வந்த கோளாறு என்று ஒரு சாரார், கோழைத்தனம் என்று இன்னொரு சாரார் சொல்லிக்கொண்டிருந்த காலம். இரு சாராரும் அந்தச் சிப்பாய்களுக்குச் சொன்ன புத்திமதி மட்டும் ஒன்றுதான்: நடந்ததை மற, அதைப் பேசாதே, நல்லதை நினை.

ரிவர்ஸ் 1917 டிசம்பரில் வாசித்து, 1918 பிப்ரவரியில் லான்செட் இதழில் வந்த கட்டுரை அந்தப் புத்திமதியின் மீதே கைவைத்தது. பகலெல்லாம் நினைக்காமல் இருக்க முயல்கிறவருக்குத்தான் இரவில் அது வந்து அடிக்கிறது என்றார். அவர் சொல்லும் ஓர் அதிகாரியின் கதை என்னை இன்றும் விடுவதில்லை. காணாமல்போன நண்பனைத் தேடிப்போன இடத்தில் சிதறிக் கிடந்த உடலைக் கண்டவர் அவர். அன்றுமுதல் கனவில் அந்த நண்பன் வருகிறான்; சிதைந்த முகத்தோடு, சில நாள் குஷ்டம் தின்ற கைகால்களோடு. பகலில் அதை நினைக்காதே என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நினைக்காமல் இருந்தார். ரிவர்ஸ் அவரை அந்த நினைவிலேயே கொஞ்சம் நிற்கச் சொன்னார். அப்படிச் சிதறியிருக்கிறான் என்றால் உன் நண்பன் ஒரு நொடிகூட வலி அறியாமல் போயிருக்கிறான் என்று அர்த்தம், அதை எண்ணிப் பார் என்றார். சில நாள் கனவே இல்லை. பிறகு ஓர் இரவு வந்தது. போர்க்களத்தில் அதே உடல். ஆனால் இவர் அதன் அருகே மண்டியிட்டு, வீட்டாருக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய பொருள்களை எடுத்து வைக்கிறார். விழித்தபோது அலறல் இல்லை, மெல்ல அழுதுகொண்டிருந்தார். பயம் போய்த் துக்கம் வந்திருந்தது. துக்கத்தை மனிதன் தாங்குவான்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாகிவிடும். ரிவர்ஸ் நேர்மையானவர், இன்னொருவரையும் எழுதினார். வெடிப்பில் தூக்கி எறியப்பட்டு, அழுகிப்போன பிணத்தின் வயிற்றில் முகம் பதிய விழுந்த ஓர் அதிகாரி. அந்த நினைவில் பற்றிக்கொள்ள ஆறுதலான இழை ஒன்றுகூட இல்லை. அவருக்கு இந்த வழி உதவாது என்று ரிவர்ஸே முடிவுகட்டினார். படையை விட்டுவிட்டுக் கிராமப்புறம் போய் இருக்கச் சொன்னார். பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிற ஆலோசகர்கள் இந்த இரண்டாம் மனிதரை மறக்கக் கூடாது.

எல்லாக் கனவும் ஆசையின் நிறைவேற்றம் என்று எழுதிய ஃபிராய்டுக்கும் இந்தச் சிப்பாய்கள் தலைவலியானார்கள். குண்டுவிழும் இடத்துக்கு இரவுதோறும் திரும்பிப்போக எவன் ஆசைப்படுவான்? 1920இல் எழுதிய நூலில், இந்தக் கனவுகள் தன் விதிக்கு அடங்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் பிறகு, வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர்கள் அமெரிக்காவில் போராடியதன் பேரில், 1980இல்தான் இந்த நோய்க்கு மருத்துவக் கையேட்டில் தனி இடம் கிடைத்தது.

ஏன் அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது? சாதாரண நினைவு தூக்கத்தில் பழைய நினைவுகளோடு கலந்து, எப்போதோ எங்கோ நடந்தது என்ற இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதன் உறைப்பும் மெல்லக் குறைகிறது. உயிர்பயத்தோடு பதிந்த நினைவு அப்படிச் சேர்வதில்லை. இந்த ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னால் புரியும்: இழை அறுந்த இடத்தில் தறி நிற்கிறது, ஆள் வந்து முடிச்சுப் போடாமல் மேலே ஓடாது. கனவு காணும் கட்டத்தில் மூளையில் நார்அட்ரினலின் என்ற விழிப்பு இரசாயனம் வழக்கமாக அடங்கிவிடும். மனவடுப் பட்டவர்களிடம் அது அடங்காததால்தான் நினைவு ஆறும் முன்பே அவர்கள் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறார்கள் என்பது இன்றைக்குச் செல்வாக்கான ஒரு கருத்து. அதை நம்பி, இரத்த அழுத்தத்துக்குத் தரும் பிரசோசின் மாத்திரையை இந்தக் கனவுகளுக்கும் கொடுத்தார்கள். சின்ன ஆய்வுகளில் நன்றாக வேலை செய்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 304 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை என்று வந்துவிட்டது. சிலருக்கு உதவுவதை நானும் பார்க்கிறேன், கொடுக்கவும் செய்கிறேன். கருத்து அழகாக இருப்பதால் மருந்து வேலை செய்துவிடாது.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். பிள்ளை இராத்திரியில் அலறி எழுந்தால் நம் பக்கத்துத் தாய் என்ன சொல்கிறாள்? "புள்ளைக்குப் பயந்த கோளாறு." பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் தெளிப்பார்கள், கோவிலில் திருநீறு போட்டுக் கயிறு கட்டுவார்கள், தலைமாட்டில் இரும்பு வைப்பார்கள். மதம் பார்க்காமல் எங்கே பலிக்கும் என்று பார்க்கிற தாய்மார்கள் நம்மவர்கள். நான் இதைக் குறை சொல்லமாட்டேன். 'பயந்திருக்கிறான்' என்ற அறிதலே பாதி மருத்துவம். பிள்ளையைத் திட்டவில்லை, நடிக்கிறான் என்று சொல்லவில்லை. நாலு பேர் கூடி அவன் பயத்தை மதித்திருக்கிறார்கள்.

என் சண்டை வேறு இரண்டு பழக்கங்களோடு. ஒன்று, செத்தவர் கனவில் வந்து கூப்பிட்டால் வீட்டில் அடுத்த சாவு என்று பலன் சொல்வது. விபத்தில் கணவனைப் பறிகொடுத்தவளுக்கு அவன் கனவில் வராமல் வேறு யார் வருவார்? அவள் அதைச் சொன்னால் மாமியார் நடுங்குகிறாள், பரிகாரத்துக்குப் பணம் போகிறது. அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். இன்னொன்று, கெட்ட கனவை யாரிடமும் சொல்லாதே, மாட்டின் காதில் சொல் என்பது. சொன்னால்தான் தீரும் என்று அதை ஏற்படுத்தியவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். மனிதக் காதை மட்டும் ஏன் விலக்கினார்? கனவு வரப்போவதைச் சொல்கிறது என்று நம்பினால் கேட்டவருக்கும் தோஷம் ஒட்டும். கனவு நடந்துபோனதைச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. இந்தப் பொழிவில் நான் சொல்ல வந்தது இதுதான்.

யாழ்ப்பாணத்தார் இதில் நமக்கு ஆசிரியர்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கிருந்து பணிசெய்து, தமிழர் மனங்களில் போர் இட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். தனிமனித மனம் மட்டும் உடைவதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைகின்றன என்பதைப் பிந்தைய எழுத்துகளில் அழுத்தமாக வைத்தார். போர் முடிந்த 2009இலேயே யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்த கணக்கில் 100க்கு 7 பேருக்கு மனவடு நோய் இருந்தது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களிடம் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. மட்டக்களப்புப் பக்கத்து அம்மன் கோவில்களில் நடந்ததை பட்ரீஷியா லாரன்ஸ் என்ற மானிடவியலாளர் எழுதியிருக்கிறார். பிள்ளை பிடிபட்டுப் போய் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று எந்த அலுவலகமும் சொல்லாத காலத்தில், தாய்மார்கள் சாமியாடிகளிடம் போய்க் கேட்டார்கள். வெளியே வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த ஊரில், அம்மன் முன்னால் மட்டும் சத்தம் போட்டு அழ முடிந்தது. கோவில் அங்கே காதாக இருந்தது. சக்கரக்குழியைப் பற்றி நான் மரியாதையோடு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மரியாதைக்கும் எல்லை உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துத் தனியார் நடத்திய விடுதி அது. அதன் பிறகு அரசு அங்கே மருந்தும் துஆ என்னும் வேண்டுதலும் சேர்ந்தே கிடைக்க வழி செய்தது. வேண்டிக்கொள்ள வருகிறவரை விரட்டாமல் பக்கத்திலேயே மருத்துவரையும் உட்காரவைத்தார்கள். சரியான யோசனை. கோவில் ஊர்கள் எல்லாவற்றுக்கும் அது வர வேண்டும். சங்கிலி மட்டும் எந்தச் சாமிக்கும் காணிக்கை இல்லை.

போரும் ஆழிப்பேரலையும் எங்கோ நடந்தவை என்று நினைக்காதீர்கள். இந்த ஊரிலிருந்து கிழக்கே திருவேங்கடம் பக்கம் போனாலே தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு விபத்துக்கும் இறந்தவர் எத்தனை, நிவாரணம் எவ்வளவு என்று செய்தி வருகிறது. உயிரோடு வீடு திரும்பியவர் எப்படித் தூங்குகிறார் என்று எந்தச் செய்தியும் வருவதில்லை. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கி ஓடிக் கரையேறியவர்களைப் பற்றியும் வரவில்லை. தண்டவாளத்தில் ஆள் குறுக்கே பாய்ந்ததைப் பார்த்த இரயில் ஓட்டுநர்கள், குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து தாய்வீடு வந்துவிட்ட பெண்கள், இவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண், பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஊரையும் ஆண்டையும் சொல்லப்போவதில்லை. "தெனமும் அதே செட்டுதான் சார். கதவு தொறக்க மாட்டேங்கு" என்றார். தூங்கப் பயந்து விடிய விடிய வாசலில் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் செய்தது ஓர் எளிய பயிற்சி. அமெரிக்காவில் பேரி கிராக்கவ் என்பவர், பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் சோதித்து 2001இல் வெளியிட்ட முறை அது. பகலில், விழிப்பில், அந்தக் கனவை எடுத்து உங்கள் விருப்பப்படி மாற்ற வேண்டும். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், நடந்ததுபோல இருக்க வேண்டியதில்லை. மாற்றியதைத் தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி ஓட்டிப் பார்க்க வேண்டும். என்ன மாற்றலாம் என்று கேட்டேன். கதவைத் திறந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "பின்சுவரே வேண்டாம் சார். அங்கன எங்க சோளக்காடு இருக்கட்டும்" என்றார். வாரங்கள் போயின. கனவு முழுதாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். படுக்கையில் படுத்துத் தூங்குகிறார். அது எங்கள் தொழிலில் பெரிய வெற்றி.

ஆண்கள் வேறு வைத்தியம் வைத்திருக்கிறார்கள், டாஸ்மாக்கில். குடித்தால் முன்னிரவில் கனவுக் கட்டம் அமுங்கும், உண்மைதான். போதை இறங்கும் பின்னிரவில் அது இரட்டிப்பாகத் திரும்பும். 'தூங்கத்தானே குடிக்கிறேன்' என்கிறவரை வையாதீர்கள். எதைப் பார்த்துவிட்டுத் தூங்கமுடியவில்லை என்று கேளுங்கள்.

கேளுங்கள் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. விபத்து நடந்த மறுநாளே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல் என்று பிடுங்கக் கூடாது. ஆழிப்பேரலைக்குப் பிறகு குறிப்பேட்டோடு வந்திறங்கிய சிலர் அதைத்தான் செய்தார்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை நன்மை செய்யவில்லை, சிலருக்குக் கூடுதல் கேடு செய்தது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. முதலில் சோறு, படுக்க இடம், சொந்தக்காரர் எங்கே என்ற தகவல், பக்கத்தில் ஓர் ஆள். பேச்சு அவராக எடுக்கும்போது.

உங்கள் வீட்டில் யாராவது அலறி எழுந்தால், விளக்கைப் போட்டு, இது இன்ன இடம், நான் இன்னார் என்று சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். சொல்ல விரும்பினால் கேளுங்கள், பலன் சொல்லாதீர்கள். கோவிலுக்குப் போக வேண்டுமென்றால் அழைத்துப் போங்கள். ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனை வழியாக மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்கலாம், பணம் இல்லை. அங்கேயும் போகக் கூச்சப்படுகிறவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை இருக்கிறது. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். எண் 14416. இந்த மண்டபத்தை விட்டு எழுமுன் அதைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.